மூக்கைத் துடைத்த மான்

ஸ்டில்மன் ஓடை, பென்சில்வேனியா
டிசம்பர் 17, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரோலண்டுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். வழக்கமாக இந்த வரியைப் பேனா தானாகவே எழுதிவிடும், நீயும் படிக்காமல் தாண்டிப் போய்விடுவாய். இந்த முறை தாண்டாதே. நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு, உடம்பில் ஓட்டை விழாமல், ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அங்கே டெக்சாஸில் நீயும் டெல்லாவும் அவள் வயிற்றில் இருக்கும் சின்னதும் அதேபோல முழுசாக இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். டெல்லாவுக்கு ஆறாம் மாதம் என்றாய், கால் வீங்குகிறதா என்று கேட்டு எழுது, உப்பைக் குறைக்கச் சொல், படியில் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏற விடாதே.

போன சனிக்கிழமை நீ போனில், வேலை செய்யும் இடத்து நண்பர்களோடு இருபத்தெட்டாம் தேதி மான் வேட்டைக்குப் போகிறேன் என்று சொன்னாய். நான் சரி, பார்த்துப் போ என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று அவரிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை. இன்னும் பேசினால் ஏதாவது உளறிவிடுவேன் என்று பயந்தேன், அவ்வளவுதான். இதையெல்லாம் மறுநாள் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா, நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் எட்டு முறை சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். காகிதம் என்றால் நீ வைத்தாலும் அங்கேயே இருக்கும். கிறிஸ்துமஸ் நெரிசலில் தபால் எப்படிப் போகுமோ என்று பயந்து அவசரத் தபாலாகவே அனுப்புகிறேன். இருபத்தெட்டாம் தேதிக்குள் இரண்டு முறை படித்துவிடு.

இந்த வருஷம் வேட்டைக் காலம் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. பெட்டை மானுக்கு அனுமதி கேட்டு அனுப்புகிற இளஞ்சிவப்பு உறையை ஜூலையில் எழுதி ஒட்டி, காரில் வைத்து, அப்படியே மறந்துவிட்டேன். அக்டோபரில் அப்பா டயர் அழுத்தமானியைத் தேடும்போது அது கையில் அகப்பட்டது. ஒரு கவரைத் தபால் பெட்டியில போட உனக்கு ஒரு வருஷம் வேணுமா வெர்னா, மான் எல்லாம் உனக்கு நன்றி சொல்லுது போ என்று இரண்டு நாள் பேசிக்கொண்டே இருந்தார். ஆக என்னிடம் கொம்பு மானுக்கான சீட்டு மட்டும்தான். சட்டம்தான் உனக்குத் தெரியுமே, ஒரு பக்கத்துக் கொம்பில் மூன்று கிளையாவது எண்ணிப் பார்த்த பிறகுதான் சுட வேண்டும். நான் கொம்பு மான் அடித்து நாலு வருஷமாகிறது. உன் பெரியப்பா எல்வின் சும்மா இருப்பாரா? முதல் நாள் காலையில் வேட்டைக் குடிலில் பக்வீட் அப்பத்தின் மேல் சிரப்பை ஊற்றிக்கொண்டே, ஏம்மா வெர்னா, நீ காட்டுக்குப் போறது மான் அடிக்கவா, இல்ல மானுக்குக் காவல் நிக்கவா என்று எல்லார் எதிரிலும் கேட்டார். நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர அது உள்ளே முள்ளாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு ரோஷம் எனக்கு எதற்கு என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

வேட்டைக் காலத்தின் இரண்டாம் வாரம், போன புதன்கிழமை. ராத்திரியெல்லாம் பனி பெய்து கணுக்கால் வரை கிடந்தது. காலை ஏழரைக்கே எல்வின் பெரியப்பா மேட்டிலிருந்து ஒரு மானைச் சுட்டுவிட்டு, தப்பிருச்சு, ஒரு மயிர் கூட உதிரல என்று வந்து காபி ஊற்றிக்கொண்டார். போய்ப் பார்த்தீங்களா அண்ணே என்று அப்பா கேட்டதற்கு, நான் சுட்டது எனக்குத் தெரியாதா, நாப்பது வருஷமா சுடுறேன் என்றார். இந்த வருஷத்தின் முதல் தப்பு அதுதான், அவர் தப்பு. சுட்டவன் நடந்து போய் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். எத்தனை வருஷமாகச் சுட்டாலும், எவ்வளவு குளிரானாலும், தப்பிவிட்டது என்று எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் போய்ப் பார்க்க வேண்டும்.

பத்து மணிக்கு ஓடைக்கு மேலே இருக்கிற லாரல் புதர்க்காட்டைக் கலைக்கலாம் என்று முடிவானது. அப்பாவும் பெரியப்பாவும் அடுத்த குடிலைச் சேர்ந்த மூன்று பேரும் மானை விரட்ட எப்போதும் செய்வதுபோல வரிசையாக நின்று நாய் மாதிரி குரைத்துக்கொண்டு மேலேறி வர வேண்டும், நான் முழங்கால் வலிக்காரி என்பதால் மரம் ஏற்றிப்போன பழைய வண்டிப் பாதையில் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். குரைப்பில் நம் ஆட்களை அடையாளம் தெரியும் அல்லவா, பெரியப்பாவுடையது இருமல் பிடித்த கிழநாய், அப்பாவுடையது மூன்று வள், கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று வள். கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் இடது பக்கம், ஓடைப் பக்கமாக, அப்பாவின் குரல் நின்றுவிட்டது. மற்றவர்கள் நெருங்கி வந்து, வலது பக்கமாகப் பாதையில் ஏறி, ஒன்றும் வரலையே என்று கத்திக்கொண்டு கீழே இறங்கிப் போனதும் கேட்டது. அப்பா ஓடை வழியாக வெளியேறியிருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. குரல் நின்றால் ஆள் வெளியேறிவிட்டான் என்று அர்த்தமில்லை ரோலண்ட், ஆள் எங்கே இருக்கிறான் என்று நமக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். கலைக்கப் போன அத்தனை பேரும் வந்து முகம் காட்டுகிற வரைக்கும் அந்தப் புதர்ப் பக்கம் துப்பாக்கி திரும்பக் கூடாது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. உனக்கே நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பனியில் ரத்தம் பார்த்திருக்கிறார். காலையில் பெரியப்பா தப்பவிட்டதாகச் சொன்ன அதே மான், அடிபட்டுப் புதருக்குள் போயிருக்கிறது. அதை மிரட்ட வேண்டாம் என்று குரைப்பதை நிறுத்தினார். தடம் தவறாமல் இருக்க, நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற மாதிரி, ரத்தம் இருந்த இடத்துக்கு மேலே ஒரு கிளையில் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி மாட்டினார். நாற்பது அடி தள்ளி இன்னொரு துளி, அங்கே ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றி மாட்டினார். இரண்டையும் திரும்பிப் பார்த்து மான் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு, உள்ளே போட்டிருந்த பழுப்புக் கோட்டோடு, குனிந்து குனிந்து முன்னால் வந்திருக்கிறார். மனுஷன் என்று தூரத்திலேயே காட்டி அவரைக் காப்பாற்ற வேண்டிய ஆரஞ்சு நிறம் இரண்டு கிளைகளில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக நாம் எல்லாரும் இதைச் செய்திருக்கிறோம், நானும் செய்திருக்கிறேன், ஒருத்தருக்குமே இது தப்பென்று தோன்றியதில்லை.

எனக்கு எதிரே அறுபது அடி தள்ளி, புதருக்கு மேலே ஒரு பழுப்பு முதுகு தெரிந்தது. இரண்டு அடி நகரும், நிற்கும், தலையைக் கீழே போடும், மறுபடி நகரும். மேயும்போது மான் அப்படித்தான் வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், ஆசைப்பட்டவள் கண்ணுக்குப் பழுப்பெல்லாம் மான்தான். என் கழுத்தில் பைனாகுலர் கிடையாது. ரெண்டு கண்ணாடியை எதுக்குடா சுமக்கணும், துப்பாக்கி மேலேயே ஒண்ணு இருக்கே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தானே. துப்பாக்கியைத் தூக்கி அதன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பார்ப்பதற்காகத் தூக்கினேன் என்று நான் சொல்லலாம், ஆனால் தூக்கும்போதே கட்டைவிரல் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளிவிட்டது, சுட்டுவிரல் விசையின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. துப்பாக்கியின் கண்ணாடியில் எதைப் பார்த்தாலும் அதன் மேல் குண்டைக் குறிவைத்துக்கொண்டுதான் பார்க்கிறோம். இது எனக்கு இவ்வளவு நாள் உறைக்கவில்லை. தலை எங்கே என்று தேடினேன், கொம்பு எங்கே என்று தேடினேன். அப்போது அந்த மான் நின்றது. நின்று, மெதுவாகக் கையைத் தூக்கி மூக்கைத் துடைத்தது.

மகனே, அந்த நொடியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அரைமணி நேரமாகக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். துப்பாக்கிக் கண்ணாடியின் நடுவில் இரண்டு கோடு, அந்தக் கோடுகள் வெட்டுகிற இடத்தில் உன் அப்பாவின் கோட்டுப் பொத்தான். உயிர் போய் உயிர் வந்தது என்று சும்மா சொல்வோமே, எனக்குப் போனது இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை. துப்பாக்கியைப் பனியில் போட்டுவிட்டுக் கட்டைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். கத்தவில்லை, கூப்பிடவில்லை. பத்து நிமிஷம் கழித்து அப்பா தொப்பியும் ஆரஞ்சு மேல்சட்டையும் போட்டுக்கொண்டு பாதையில் வந்தார். என்ன, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு என்றார். காபி ஒத்துக்கல என்றேன். அவர் பனியில் கிடந்த என் துப்பாக்கியை எடுத்து, பனியைத் தட்டி, திறந்து, குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் என் துப்பாக்கியை அவர் தொட்டதே இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று செய்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் காட்டுக்குப் போகவில்லை, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அப்பா ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டார். வாசலிலிருந்து சமையலறைக்கு வருவதற்கு முன்னால், நிலவறையிலிருந்து படியேறுவதற்கு முன்னால், மெல்ல மூன்று முறை குரைப்பார். என்னைச் சிரிக்க வைக்கச் செய்கிறார் என்று நினைத்தேன். வியாழக்கிழமை பெரியப்பா வந்திருந்தபோது அதைக் கேட்டுவிட்டு, என்னம்மா, உன் புருஷனுக்கு வெறி பிடிச்சிருச்சா, ஊசி போட்டீங்களா என்றார். நான் சிரிக்கத்தான் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன். அன்றைக்கு வெங்காயம் வாங்கவே இல்லை.

நாலு நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து ரொட்டி கடிக்கும்போது அந்தப் பொத்தானைப் பார்ப்பேன். சொன்னால் என்ன ஆகும் என்று பயம், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அதைவிடப் பயம். சனிக்கிழமை உன் போன் வந்த பிறகு தாங்க முடியவில்லை. ஞாயிறு தேவாலயத்திலிருந்து வந்ததும், கோழிக் குழம்பில் போட மாவு தேய்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், ஹார்லன், புதன்கிழமை நான் உன்னைச் சுட இருந்தேன் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குத் தெரியும் வெர்னா என்றார்.

அவர் பார்த்திருக்கிறார் ரோலண்ட். நிமிர்ந்தபோது புதர் இடைவெளியில் என் ஆரஞ்சுத் தொப்பியும் அதற்குக் கீழே துப்பாக்கிக் குழலின் வட்டமான வாயும் தெரிந்ததாம். கத்தணும்னுதான் வாயத் தொறந்தேன், கத்துனா நீ திடுக்குன்னு விரல அழுத்திருவியோன்னு நெனச்சேன், ஓடுனா மான் ஓடுதுன்னு சுட்டுருவே, குனிஞ்சாலும் சுட்டுருவே, என்ன பண்றதுன்னே தெரியல, மான் செய்யாத எதையாவது ஒண்ணச் செய்யணும், அதையும் மெதுவாச் செய்யணும்னு மட்டும் தோணுச்சு, அதான் மூக்கத் தொடச்சேன் என்றார். அவருக்கு மூக்கே ஒழுகவில்லை. அந்தக் கையை மூக்குவரை கொண்டு போவதற்குள் உன் முகம், டெல்லா முகம் எல்லாம் வந்து போனதாகச் சொன்னார். பிறகு ஏன் என்கிட்ட சொல்லல என்று கேட்டேன். நீயா சொல்ற வரைக்கும் காத்திருக்கலாம்னு நெனச்சேன், தொப்பியக் கழட்டுனது நான்தானே, உன்ன மட்டும் எப்படிக் குத்தம் சொல்றது என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார், இரண்டு பேரும் மாவு ஒட்டின கையோடு அழுதோம். கோழி அடியில் பிடித்துக் கரிந்துபோனது.

அழுது முடித்ததும் உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். குறிதவறிச் சுட்டவனின் சட்டைப் பின்வாலை வெட்டிப் பெயரெழுதிக் குடில் சுவரில் அறைவோமே, அது எனக்கு ஒரு தடவை கூட நடந்ததில்லை என்று நான் பீற்றிக்கொள்வது உனக்குத் தெரியும். திரும்பி நில்லு என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை என்று கூடப் பார்க்காமல் பின்னால் ஒரு முழத்தை வெட்டி எடுத்துக்கொண்டார். நான் சுடவே இல்லையே என்றேன். அதுக்குத்தான்டி இது என்றார். நேற்று மத்தியானம் குடிலுக்குப் போய் ஆணி அடித்துவிட்டு வந்தார். பெரியப்பா அதைப் பார்த்து, இவ எப்பச் சுட்டா, எதத் தவறவிட்டா என்று கேட்டாராம். எண்பது கிலோ, கொம்பு கெடையாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். பிறகு நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா அதற்குப் பிறகு ஒரு கிண்டல் கூடப் பேசவில்லையாம், அடிபட்ட மானைத் தேடிப் போகாததற்குத் தலையில் அடித்துக்கொண்டாராம். அந்த மானை அப்பா கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை, அதுவும் ஒரு பாவம்.

இது வரைக்கும் அப்பாவுக்குத் தெரியும். இனி எழுதப் போவது உனக்கு மட்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர் என்னிடம் ஒன்று கேட்டார். கொம்பைத் தேடிக்கிட்டுத்தானே இருந்தே, கொம்பு இல்லாததாலதானே சுடாம இருந்தே, அந்தக் கவரை நீ தபால்ல போட்டிருந்தா நான் செத்தேன், நல்ல வேளை மறந்தே என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆமாம் என்றேன். பொய் சொன்னேன். அவர் தலைக்குப் பின்னால் காய்ந்த கிளை ஏதோ இருந்திருக்க வேண்டும், நான் அதைக் கிளையாகப் பார்க்கவில்லை. அவர் தலையில் கொம்பைப் பார்த்தேன் மகனே. சத்தியமாகப் பார்த்தேன், தெளிவாக, வளைவோடு. ஒன்று என்று எண்ணினேன். இரண்டு என்று எண்ணினேன். நல்ல மான்தான் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கை எழுந்தது. இன்னும் ஒரு நொடி கொடுத்திருந்தால் மூன்றாவதையும் கண்டுபிடித்திருப்பேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். என் கண்ணில் கோளாறு இல்லை, வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வந்தேன், இந்த வயதுக்கு நல்ல பார்வை என்கிறார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

கண் என்னுடையது என்றால், கை உனக்கு நான் கொடுத்தது. துப்பாக்கியின் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதை உனக்குப் பழக்கியவள் நான், உன் கட்டைவிரல் தானாகப் பூட்டைத் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன், அப்போது பெருமையாக இருந்தது. நீ யாரோ நாலு பேரோடு, அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எதைக் கழற்றி எங்கே மாட்டுகிறார்கள் என்று தெரியாத காட்டுக்குப் போகப் போகிறாய். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அதனால் அப்பாவின் பைனாகுலரைக் கம்பளித் துணியில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், வலது பக்கம் கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பும், பழகிக்கொள். அதைத்தான் முதலில் தூக்க வேண்டும். அதில் முழு மானும் தெரிந்தால்தான் மற்றது. பழுப்பாக ஏதோ அசைகிறது என்றால் கீழே வைத்துவிட்டுக் கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிடு. யாராவது கிண்டல் செய்தால் செய்யட்டும்.

கடவுள் உன் கண்ணிலும் கையிலும் இருக்கட்டும். டெல்லாவுக்கு என் முத்தம், பிள்ளைக்குத் துணி பின்ன ஆரம்பித்துவிட்டேன், மஞ்சள் நிறம், பையனானாலும் பெண்ணானாலும் பொருந்தும். குளிர் இல்லாத ஊர் என்று கம்பளிச் சட்டையை மறக்காதே, விடியற்காலை எல்லா ஊரிலும் குளிரும். இருபத்தெட்டாம் தேதி திரும்பி வந்ததும், கையைக் கூடக் கழுவாமல் போன் செய். என்ன அடித்தாய், எத்தனை கிளை என்று நான் கேட்க மாட்டேன். நீ பேசினால் போதும், உன் கூட வந்தவர்கள் எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள் என்று ஒவ்வொருத்தர் பெயராகச் சொன்னால் போதும்.

உன் அன்புள்ள அம்மா,
வெர்னா